எழுதாமல் விட்ட இரண்டு எண்கள்

வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பாதி சோம்பேறித்தனத்தால் வந்தவை, மீதி கோபத்தால். ஒன்றே ஒன்றுதான் பக்தியால் வந்தது. மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அதன் கனத்துக்கு ஈடாகாது.

இத்தனைக்கும் நான் கோயில் கோயிலாகச் சுற்றுகிற ஆள் இல்லை. புனே பக்கத்துத் தாபோடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் சாமி விஷயமெல்லாம் அம்மாவின் இலாகா. அப்பா அங்கிருந்த ராணுவ இன்ஜினீயரிங் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் பித்தளைத் தகடுகளில் எழுத்து வெட்டுகிற வேலையில் இருந்தார். கதவு எண், மெஷின் எண், அதிகாரிகளின் பெயர்ப் பலகை, எல்லாம் அவர் கைவண்ணம். தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாஷாண் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். தினமும் ஸ்கூட்டியில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு வருஷம் முயன்றேன். தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் வாழும் சின்னப் பிராணிகள் சில உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். பார்வைக்குச் சுண்டெலி மாதிரிதான் இருக்கும், ஆனால் எலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒபாசம் என்று பெயர். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். கங்காருவுக்காவது வயிற்றில் பை இருக்கிறது, இந்தப் பாவப்பட்டதுகளுக்கு அதுவும் கிடையாது. குட்டிகள் அரிசி மணி அளவில், கண் திறக்காமல் பிறந்து, தாயின் காம்பைக் கவ்விக்கொண்டு வாரக்கணக்கில் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவிடம் போய் ஹிந்தியில் விளக்கினாள். திரும்பி வந்து என்னிடம் தமிழில் சொன்னாள்.

"எங்கியோ இருக்கிற எலிக்கு இங்க உக்காந்து ஜாதகம் எழுதுறா எம் பொண்ணு. அவளுக்கு ஒரு ஜாதகம் பொருந்த மாட்டேங்குது."

சும்மா சொல்லக் கூடாது, வேலையும் ஏறக்குறைய அதுதான். நூறு வருஷமாக இந்தப் பிராணிகளை மண்டையோடு, பல், வால், கண்ணைச் சுற்றியிருக்கும் கருவளையம் இவற்றைப் பார்த்துத்தான் இனம் பிரித்து வந்தார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால் அதில் குழப்பம் தீரவே இல்லை. இப்போது மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்க முடியும். இரண்டு பிராணிகளின் எழுத்துகளில் வித்தியாசம் குறைவு என்றால் நெருங்கிய பங்காளிகள், அதிகம் என்றால் எப்போதோ பிரிந்த குடும்பம். கம்ப்யூட்டர் இதையெல்லாம் கூட்டிக் கழித்து, யாரிடமிருந்து யார் பிரிந்தார்கள் என்று ஒரு மரம் வரைந்து கொடுக்கும்.

பிராணிகள் அமெரிக்காவில், ஆராய்ச்சி புனேயில் என்றால் சிரிப்பு வரும். என் வழிகாட்டி, நாங்கள் 'சார்' என்று கூப்பிட்டவர், எண்பதுகளில் அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அதன் விலங்குப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அம்மையாரும் அவரும் பழைய சிநேகிதர்கள். அந்த அம்மையாரிடம் ஆயிரக்கணக்கில் தோலும் எலும்பும் இருந்தன, மரபணு படிக்கும் மெஷின் இல்லை. எங்களிடம் மெஷின் புதிதாக வந்திருந்தது. அவர் பிராணிகளின் ஈரலில் ஒரு துணுக்கு வெட்டிச் சாராயத்தில் போட்டு அனுப்புவார். நான் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத பிளாஸ்டிக் ட்யூபில் நாலைந்து சொட்டாகச் சேமித்து வைப்பேன்.

அந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது கடைசிப் பொட்டலம் வந்தது. அதில் இரண்டே துணுக்குகள். ஒன்று ஆற்றங்கரைச் சமவெளியில் பிடித்த ஒரு பெண். இன்னொன்று மலைச்சரிவில், மேகம் இறங்கி நிற்கும் ஒரு காட்டில் அகப்பட்ட ஒரு ஆண். கூடவே அம்மையாரின் கடிதம். மலைப் பிராணியின் மண்டையோடு அவருக்கு வித்தியாசமாகத் தெரிகிறது, இதுவரை பெயரிடாத இனமாக இருக்கலாம் என்று சந்தேகம். ஒரே ஒரு பிராணிதான் கிடைத்தது, இதற்குமேல் ஈரலும் இல்லை, ஜாக்கிரதை என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன்.

'அந்தச் சரிவில் மரங்களுக்குச் சிவப்பு பெயிண்டால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டப் போகிறார்கள். வேறெங்கும் இல்லாத பிராணி இங்கே இருக்கிறது என்று உன் மெஷின் சொன்னால், அதிகாரிகளிடம் போய் நிறுத்தக் கேட்க எனக்கு ஒரு காகிதம் கிடைக்கும். சீக்கிரம் சொல்.'

சீக்கிரம் என்று அவர் சொன்னதாலேயே எனக்குப் படபடப்பு. சரஸ்வதி பூஜைக்கு முந்தின சாயங்காலம் இரண்டையும் பிரித்தெடுத்து முடித்தேன். எப்போதும் ட்யூபின் மூடியில் எண் எழுதிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டிலும் மார்க்கரால் எண் எழுதுவது வழக்கம். அன்று அம்மா கடலையும் அவலும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள், மார்க்கெட் மூடிவிடும். ஸ்டிக்கரை மட்டும் ஒட்டினேன். எண்ணை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, ஆய்வு நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நோட்டை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆனால் அது பூஜையில் இருந்தாக வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஜை நாள் காலையில் அப்பாவின் உளிகள், அம்மாவின் தையல் கத்தரி, எல்லாவற்றுக்கும் மேலே என் நோட்டு. அதன்மேல் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. மறுநாள் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் எதையும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எங்கள் வீட்டில் அன்று பால்காரர் கணக்கைக்கூட யாரும் குறிக்க மாட்டார்கள்.

"பேனாவத் தொட்டுடாதடி. இது முடிக்கிற வருஷம்," என்றாள் அம்மா.

"ஆபீஸ்ல பூஜை மட்டும்தாம்மா. பேடா தின்னுட்டு வந்துடுவேன்."

மராட்டிக்காரர்களுக்கும் அதே நாள்தான், கண்டே நவமி. அவர்கள் ஆயுதங்களைக் கும்பிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் மெஷினுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம், சாமந்தி மாலை. இந்த ஏற்பாடுகளெல்லாம் உதவியாளர் காகாவின் பொறுப்பு. காகா என்றால் மராட்டியில் சித்தப்பா, அந்தக் கட்டடமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மனிதர் முந்தின நாள் மாலை பின்பக்கத்து ஜெனரேட்டரை ஹோஸ் பைப் வைத்து நன்றாகக் குளிப்பாட்டி, அதற்கும் ஒரு மாலை போட்டு வைத்திருந்தார்.

அன்று வியாழக்கிழமை. புனேயில் வியாழன் என்றால் ரிப்பேர் என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்துகிற நாள். பண்டிகை நாளில் நிறுத்த மாட்டார்கள் என்று நினைத்தோம். பதினொரு மணிக்கு யாரோ "லைட் கேலி!" என்று கத்தினார்கள். கரன்ட் போய்விட்டது என்று. காகா ஜெனரேட்டரைப் போடப் போனார். அது இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. குளித்த தண்ணீர் எங்கோ உள்ளே இறங்கியிருந்தது. மாலையைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்றார். இருமல்கூட வரவில்லை.

சார் ஊரில் இல்லை, மற்றவர்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் காகாவும் ஃப்ரீஸருக்கு முன்னால் நின்றோம். அதன் எச்சரிக்கை மணி நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி வாக்கில் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. மரபணுச் சொட்டுகள் ஒரு நாள் உருகிக் கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று இன்று எனக்குத் தெரியும். அன்றும் தெரியும், ஆனால் தெரிந்தது எதுவும் அந்த மணிச்சத்தத்தில் நினைவுக்கு வரவில்லை. எதிர்க் கட்டடத்தில் தனி ஜெனரேட்டரில் ஓடுகிற ஃப்ரீஸர் ஒன்று இருந்தது. காகா வாசலில் கரும்புச்சாறு விற்பவரிடமிருந்து ஐஸ் வாங்கி வந்தார். தெர்மோகோல் பெட்டியில் ஐஸைக் கொட்டி, ட்யூப்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருக ஆரம்பித்தேன்.

கடைசி இரண்டில் காகாவின் கண் நின்றது. உறைபனி உருகியதில் ஸ்டிக்கர்களின் ஓரம் கிளம்பியிருந்தது. மற்ற ட்யூப்களில் இருப்பதுபோலப் பக்கவாட்டில் எண்ணும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் முன்னால் நீட்டினார்.

"லிஹூன் க்யா, மேடம்," என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்று.

"இன்றைக்கு நாங்கள் எழுத மாட்டோம், காகா. சரஸ்வதிக்கு லீவு," என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு கணம் பேனாவை நீட்டியபடியே நின்றார். அவரே எழுதியிருக்கலாம். ஆனால் மாணவர்களின் ட்யூபில் உதவியாளர் கை வைக்கக் கூடாது என்பது சார் போட்ட விதி. சாமி காரியத்தில் மறுத்துப் பேசுவதும் அவர் வழக்கமில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெயிலில் ரோட்டைக் கடந்து போனோம். பெட்டிக்குள் ஐஸ் உருகி, நடக்க நடக்க தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. அங்கே போய் மூடியைத் திறந்தேன். மற்றவை அப்படியே இருந்தன. அந்த இரண்டு ட்யூப்கள் மட்டும் கழன்று மிதந்துகொண்டிருந்தன, ஸ்டிக்கர்கள் தனியாக, என் தலையிலிருந்து எப்போது விழுந்ததோ தெரியாத ஒரு சாமந்தி இதழோடு.

இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் சொட்டின் அளவு ஒரு மயிரிழை அதிகமாக இருந்தது. மலைப் பிராணியைப் பிரித்தபோது சற்று அதிகமாக வந்ததாக ஞாபகம். நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துடைத்து ஸ்டிக்கர்களைத் திரும்ப ஒட்டினேன். காகா பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் விஜயதசமி. அம்மா நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். அன்று தொட்டது துலங்கும் என்பார்கள், முதல் வேலையாக ஒரு வரியாவது எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'மின்தடை. எல்லா ட்யூப்களும் எதிர்க் கட்டடத்துக்குப் பத்திரமாக மாற்றப்பட்டன.' பத்திரமாக என்ற சொல்லை எழுதும்போது கை ஒரு வினாடி நின்றது. கை நின்றதும் தெரிந்தது, மேலே எழுதியதும் தெரிந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குங்குமம் படிந்த கறை இன்றும் இருக்கிறது.

அடுத்த கோடையில் மரம் வந்தது. கம்ப்யூட்டர் மூன்று நாள் ஓடி முடித்திருந்தது. சாரும் நானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐம்பது சொச்சம் பிராணிகள் கிளை கிளையாகத் தங்கள் பங்காளிகளோடு சேர்ந்து நின்றன. ஒன்று மட்டும் யாரோடும் சேராமல், நீண்ட ஒற்றைக் கிளையாக ஓரத்தில் நின்றது. அதன் எண்ணைப் படித்தேன். ஆற்றங்கரைப் பெண். மலைச்சரிவு ஆணோ, சமவெளியின் சாதாரண இனத்துக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

எண்ணை மறுபடி படித்துப் பார்த்தேன். சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"அரே வா! மண்டையோட்டை நம்பி மலைக்குப் போனாள். விஷயம் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறது பார். கிளை எவ்வளவு உறுதி?"

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது," என்றேன்.

அது பொய் இல்லை. எழுத்துகளைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குத் தொண்ணூற்றொன்பது நிச்சயம். எந்தச் சொட்டு எந்த ட்யூபில் இருந்தது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது என்னிடம். சார் என்னைக் கேட்கவில்லை, கேட்கத் தோன்றாத அளவுக்கு என்மேல் நம்பிக்கை வைத்திருந்தார். அன்று மாலையே அம்மையாருக்கு ஈமெயில் போனது.

மறுநாள் பதில் வந்துவிட்டது. 'என் கண் என்னை ஏமாற்றிவிட்டது போலிருக்கிறது. வயதாகிறது. அடுத்த இரண்டு பருவமும் ஆற்றங்கரையில் பொறி வைக்கிறோம்.' மலையைப் பற்றி ஒரே ஒரு வரி. 'சரிவைக் காப்பாற்றக் கேட்க இனி என்னிடம் காகிதம் இல்லை.'

நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ட்யூப்கள் மாறிவிட்டனவா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. மரம் வந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே, தாபோடி ரயில்வே கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்திக் காத்திருந்தபோதே, அது எனக்குத் தோன்றிவிட்டது. மலைப் பிராணி ஆண், ஆற்றங்கரைப் பிராணி பெண். ஆணுக்கு மட்டுமே உள்ள ஒரு மரபணு உண்டு. இரண்டு ட்யூபிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அதைத் தேடினால் போதும், எதில் அகப்படுகிறதோ அதுதான் மலை. அரை நாள் வேலை. அதைத் தேடிப் பிடிக்கும் ப்ரைமர் என்ற மருந்தை அந்த மாதமே வரவழைத்தேன். பிரிக்காமல் ஃப்ரீஸரில் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்றால், பயம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். மாறியிருந்தால் ஒரு அத்தியாயம் போகும், நான் எழுதிய 'பத்திரமாக' போகும், சார் முகத்தில் விழிக்க முடியாது. தினமும் ஃப்ரீஸரைத் திறக்கும்போது அந்தப் பொட்டலம் கண்ணில் படும். அடுத்த வாரம் என்பேன். ஆய்வேட்டை முடித்துவிட்டு என்பேன். வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்பேன். வீட்டில் அப்பா வேறு, ரிட்டையர் ஆகும் முன் கடைசி வேலையாக ஒரு பித்தளைத் தகட்டில் என் பெயரை வெட்டிவிட்டார், முன்னால் 'டாக்டர்' என்ற சொல்லோடு. செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தது, அதுதான் பயங்கரம். ஆய்வேடு கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் அந்த ஒற்றைக் கிளையைக் காட்டி, உங்கள் ஆராய்ச்சியின் மகுடம் இதுதான் என்றார். நன்றி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேலியாகப் பேசுவோம். மறைப்பது கஷ்டமே இல்லை, எதிரில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் போதும். அப்பா தகட்டை வெளியே எடுத்துக் கதவில் பொருத்தினார். அம்மா குவார்ட்டர்ஸ் முழுக்க பேடா கொடுத்தாள்.

தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். ஃப்ரீஸரில் என் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. காகா ஒரு குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் பழைய ட்யூப்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ட்யூப்கள் கைக்கு வந்தபோது அவர் பையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இவைதானே மேடம், பூஜை அன்றைக்குத் தண்ணீரில் மிதந்தது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆமாம்."

"எது எது என்று அப்புறம் தெரிந்துவிட்டதா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. படித்தவர்கள் எப்படியோ கண்டுபிடித்திருப்பார்கள், எப்படி என்று தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசை. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர் அந்த இரண்டு ட்யூப்களை மனசில் வைத்திருக்கிறார். சாருக்குத் தெரியாதது, தேர்வாளருக்குத் தெரியாதது, இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் காது சுட்டது.

"இல்லை, காகா. இன்றைக்குத் தெரிந்துவிடும்," என்றேன்.

ப்ரைமர் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆண்கள் யாரும் அந்த மேஜைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஒரு ஆணின் ஒரு துளி வியர்வை விழுந்தால்கூட சோதனை கெட்டுவிடலாம். காகா கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது. பிறகு சொட்டுகளை ஜெல்லில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டேன். ஆண் மரபணு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மினுங்கும்.

'மலை ஆண்' என்று நான் ஸ்டிக்கர் ஒட்டிய ட்யூபுக்குரிய இடம் வெறும் கறுப்பாக இருந்தது. 'ஆற்றங்கரைப் பெண்' இருந்த இடத்தில் கோடு மினுங்கியது.

மாறித்தான் இருந்தது. அந்த ஒற்றைக் கிளை மலையினுடையது. அம்மையாரின் கண் ஏமாற்றவில்லை, என் கைதான் ஏமாற்றியது.

ஜெல் படத்தை எடுத்துக்கொண்டு நேரே சார் அறைக்குப் போனேன். பூஜை, பேனா, ஸ்டிக்கர், ரயில்வே கேட், ப்ரைமர் என்று எதையும் விடாமல் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மாறியது விபத்து. யாருக்கும் நடக்கும். இந்தப் ப்ரைமர் எப்போது வந்தது?" என்றார்.

சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்த விஷயமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மையாருக்குக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கும் எழுதினோம். திருத்திய அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டு பட்டத்தை விட்டுவைத்தார்கள். திருத்தம் என்னவோ சின்னதுதான், ஒரு மரத்தில் இரண்டு பெயர்களை இடம் மாற்றுவது.

அம்மையாரின் பதில் வர மூன்று வாரம் ஆனது. ஈமெயிலில் வரவில்லை, தபாலில் வந்தது. அதில் கோபம் இல்லை. இரண்டு பருவம் ஆற்றங்கரையில் பொறி வைத்ததில் நிறையப் பிராணிகள் அகப்பட்டன, எல்லாவற்றையும் கொன்று பார்த்தார்கள், எல்லாமே சாதாரண இனம். என் கடிதம் கிடைத்ததும் அவரே மலைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். உள்ளே ஒரு புகைப்படம். சரிவு முழுக்க அடிமரக் கட்டைகள், அவற்றுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சோளம். போன வறட்சிக் காலத்திலேயே வெட்டி முடித்துவிட்டார்களாம். பத்து ராத்திரி பொறி வைத்ததில் வீட்டு எலி மட்டும்தான் விழுந்தது என்று எழுதியிருந்தார்.

'நமக்கு இப்போது ஒரு புது இனம் இருக்கிறது, ஒரு மண்டையோடும் ஒரு தோலும். தோலில் போட்ட மருந்து மரபணுவைக் கெடுத்துவிட்டது. அதனால் உன் ட்யூபில் மிச்சமிருப்பதைத் தயவுசெய்து தூக்கி எறியாதே. அந்தப் பிராணியில் கெடாமல் இருப்பது அவ்வளவுதான்.'

தும்பை விட்டு வாலைப் பிடித்தேன் என்று சொல்லலாம். வாலும் கையில் இல்லை. இருந்தது ஒரு சொட்டு.

பிறகு கல்யாணமாகி புனேயிலேயே வாகட் பக்கம் குடிவந்தோம். கணவருக்கு ஹிஞ்சவடியில் வேலை. பித்தளைத் தகட்டை அப்பா எங்கள் கதவுக்காகக் கொண்டுவந்தார். இங்கே சுவரில் ஆணி இறங்காது என்று ஏதோ சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அவர் முகம் வாடியது, உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா மட்டும் ஒரு சரஸ்வதி பூஜைக்கு, பூஜையில் வைக்க என் நோட்டு ஒன்றைக் கேட்டாள். முடியாது என்றேன்.

"ஒரு நாள் எழுதாட்டி என்னடி குடி முழுகிடும்?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் அன்று அவளிடம் சொன்னேன். அவள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கண்ணு தொறக்காத குட்டியெல்லாம் தொங்கிட்டிருக்கும்னியே, அதா?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் என்றேன்.

அந்த மலைப் பிராணியின் ட்யூப் இன்னும் ஆய்வுக்கூடத்தின் ஃப்ரீஸரில் இருக்கிறது. அதன்மேல் ஸ்டிக்கர் இல்லை. அங்கிருந்து விடைபெற்ற அன்று மூடியிலும் பக்கவாட்டிலும் நானே மார்க்கரால் எண் எழுதிவிட்டு வந்தேன், காகாவின் பேனாவை இரவல் வாங்கி. இரண்டு எண்களையும் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் இன்னும் அதன் மூடியைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம்தான் ஆகிறது.